முட்டைமேல் ஊரும் எறும்பு: பென்சில் படத்தில் ஒளியும் வடிவமும்

பள்ளி டிராயிங் நோட்டில் நம்மில் பலர் ஒரு மண்பானை வரைந்திருப்போம். முதலில் அழுத்தமாக ஒரு அவுட்லைன். அப்புறம் அந்தக் கோட்டை ஒட்டி உள்பக்கமாகச் சுற்றிலும் கருப்பு. நடுவில் வெள்ளை. கடைசியாக விரலால் ஒரு தேய்ப்பு. ஷேடிங் முடிந்தது. என் நோட்டில் பானை மட்டுமல்ல, மாம்பழம், பந்து, காந்தித் தாத்தாவின் தலை எல்லாமே இந்த வழியில்தான் உருண்டன. மார்க்கும் கிடைத்தது.

இன்று அந்தப் பானையைப் பார்த்தால் அது பானையாகத் தெரியவில்லை. பஞ்சு அடைத்த தலையணை மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்தப் படத்திடம் கேட்டால் பதில் இல்லை. கேட்கவே இல்லை என்பதுதான் கோளாறு.

'ஷேடிங் நல்லா போடணும்' என்று சொல்கிறவர்கள் அதை முகத்துக்குக் கடைசியில் பூசும் பவுடர் மாதிரிப் பேசுகிறார்கள். ஓரம் கருப்பு, நடு வெள்ளை என்பது அந்தப் பேச்சிலிருந்து வந்த பழக்கம். ஆனால் ஓரம் எங்கே இருக்கிறது என்பது வெளிச்சத்துக்குத் தெரியாது. ஓரிடம் எவ்வளவு கருப்பு என்பதை முடிவு செய்வது, அந்த இடம் வெளிச்சத்தின் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான். இது பிடிபட்டால் மிச்சமெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

## ஒரு கரண்டி மாவு

ஒரு கரண்டி தோசை மாவைக் கல்லில் ஊற்றி அப்படியே விட்டால் ஊத்தப்பம்; தடிமனாக இருக்கும். அதே ஒரு கரண்டியைக் கல் முழுக்க இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். மாவு குறையவில்லை. பரப்பு கூடியதால் ஒவ்வோர் இடத்துக்கும் கிடைத்த பங்கு குறைந்துவிட்டது.

வெளிச்சமும் அப்படியே. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள். பளிச்சென்று ஒரு சின்ன வட்டம் விழும். தூரத்தை மாற்றாமல் டார்ச்சைச் சாய்த்தால் வட்டம் இழுபட்டு நீள்கிறது, கூடவே மங்குகிறது. டார்ச்சிலிருந்து வந்தது அதே ஒரு கரண்டிதான்.

ஒரு பொருளின் மேல்பரப்பில் ஒவ்வோர் இடமும் ஏதோ ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை அந்த இடத்தின் முகம் என்று வைத்துக்கொள்வோம். முகம் விளக்கை நேராகப் பார்த்தால் முழுப் பங்கு கிடைக்கும். திரும்பத் திரும்பப் பங்கு குறையும்.

இதைக் கணக்காக எழுதி வைத்தவர் யோகான் ஹைன்ரிஷ் லாம்பெர்ட் என்ற கணித அறிஞர், 1760இல். கணக்கு நமக்கு வேண்டாம், மூன்று எண்கள் போதும். முகம் 30 டிகிரி திரும்பினாலும் 87 சதவீத வெளிச்சம் கிடைத்துக்கொண்டிருக்கும். 60 டிகிரியில் பாதி. 90 டிகிரியில் பூஜ்யம். அதாவது முதல் 30 டிகிரியில் போவது வெறும் 13 சதவீதம். கடைசி 30 டிகிரியில் போவது 50 சதவீதம். அதனால்தான், விளக்கு நம் தோளுக்கு மேலிருந்து சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்போது, பொருளின் வெளிச்சப் பக்கம் நாம் நினைப்பதைவிட அகலமாகவும் ஏறக்குறைய ஒரே வெளுப்பாகவும் தெரிகிறது. நிழலை நெருங்கும்போதுதான் மளமளவென்று இறங்குகிறது. புதிதாக வரைகிறவர்கள் இந்த வெளுப்பான இடத்தில் பயந்து பயந்து சாம்பல் பூசியே படத்தை அழுக்காக்கிவிடுகிறார்கள்.

சுருக்கமாக: கருப்பும் வெளுப்பும் முகம் திரும்புவதைப் பொறுத்தது. திருப்பம் மெதுவாக இருந்தால் மாற்றமும் மெதுவாக இருக்கும். தீப்பெட்டியின் விளிம்பு மாதிரிச் சட்டென்று திரும்பினால் மாற்றமும் சட்டென்று வரும்.

## எறும்புக்கு என்ன தெரிகிறது

இப்போது ஒரு வெள்ளை முட்டை. சொந்த நிறம் குறுக்கே வராது, பளபளப்பும் அதிகமில்லை என்பதால் இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. மேசைமேல் வெள்ளைத்தாள், தாள்மேல் முட்டை, இடப்பக்கம் ஜன்னல். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் நிழலும் இரண்டாகும், தலைவலியும் இரண்டாகும்.

முட்டைமேல் ஓர் எறும்பு ஊர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தின் டோனையும் (டோன் என்றால் கருப்பு வெளுப்பின் அளவு, அவ்வளவுதான்) தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: அங்கே நிற்கும் எறும்புக்கு வெளிச்சம் எவ்வளவு தெரிகிறது?

இடப்பக்க மேல்பகுதியில் நின்றால் ஜன்னல் அதற்குத் தலைக்கு மேலே முழுசாகத் தெரியும். அது நல்ல வெளுப்பான இடம். வலப்பக்கம் நகர நகர ஜன்னல் அதன் அடிவானத்தை நோக்கி இறங்கும். ஓரிடத்தில் ஜன்னல் பாதி மூழ்கியிருக்கும். இன்னும் நாலடி, எறும்பின் அடி, வைத்தால் முழுக்க மறைந்துவிடும். எறும்புக்கு அங்கே ஜன்னல் அஸ்தமனம். இந்த அஸ்தமன எல்லையைத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டிய பகுதி உடல்நிழல், அதாவது பொருளின் உடம்பே தனக்கு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டதால் உண்டாகும் நிழல்.

ஜன்னல் பெரியதாக இருந்தால் அஸ்தமனம் மெதுவாக நடக்கும். திருப்பம் மென்மையாக இருக்கும். ஒரு சின்ன பல்பு என்றால் அது பொசுக்கென்று மறையும், எல்லை கூர்மையாகும். அதே முட்டை, வேறு படம்.

இனிதான் விஷயம் சுவாரசியமாகிறது. திருப்பத்தைத் தாண்டியும் எறும்பு நடக்கட்டும். வலப்பக்க ஓரத்தை நோக்கி, கொஞ்சம் கீழ்ப்பக்கமாக. ஜன்னல் போய்விட்டது, ஆனால் இருட்டிவிடவில்லை. எதிரே வெயிலில் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளைத்தாள் விரிந்து கிடக்கிறது. ஜன்னல் வெளிச்சம் தாளில் பட்டுத் திரும்பி, முட்டையின் அடிப்பக்கத்தைத் தொடுகிறது. இதுதான் எதிரொளி. ஆக, முட்டையின் உடம்பில் அதிகக் கருப்பான பட்டை திருப்பத்தை ஒட்டி உள்ளே இருக்கிறது. ஓரத்துக்குப் போகும்போது கொஞ்சம் வெளுக்கிறது. பள்ளியில் எங்கே அழுத்தி அழுத்திக் கருப்படித்தோமோ, சரியாக அந்த இடத்தில்.

நம்பிக்கை இல்லையென்றால் முட்டைக்கு அடியில் வெள்ளைத்தாளுக்குப் பதில் கருப்பு அட்டையை வையுங்கள். எதிரொளி காணாமல் போகும். மஞ்சள் துணியை வைத்தால் முட்டையின் அடிவயிறு லேசாக மஞ்சள் பூசிக்கொள்ளும்.

இதே காட்சி மாதம் ஒருமுறை வானத்திலும் நடக்கிறது. மூன்றாம் பிறை அன்று மாடிக்குப் போய்ப் பாருங்கள். பிறையின் கீற்று பளிச்சென்று இருக்கும். மீதி வட்டமும் சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகத் தெரியும். நிலாவின் அந்த இருட்டுப் பக்கத்துக்குச் சூரியன் தெரியாது. பூமி தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய வெயில்தான் அந்த மங்கல். லியொனார்டோ டா வின்சி இதைக் குறித்து வைத்தார். சுமார் நூறு ஆண்டு கழித்து, 1609இல் தொலைநோக்கியைத் திருப்பிய கலிலேயோ அதே விளக்கத்தைச் சொன்னதோடு, நிலாவின் திருப்பக்கோடு வழவழப்பாக இல்லாமல் பிசிறடிப்பதைப் பார்த்து அங்கே மலையும் பள்ளமும் இருப்பதாக முடிவுக்கு வந்தார். நிழலைப் பார்த்து வடிவத்தைப் படித்தார். நிலாவைக் கையால் வரைந்தும் வைத்தார்.

நிலா சொல்லும் இன்னொரு பாடம் பௌர்ணமி. அன்றைக்கு அது பந்தாகத் தெரிவதில்லை, வெள்ளித் தட்டாகத் தெரிகிறது. சூரியன் நமக்கு முதுகுப் பக்கத்திலிருந்து நேராக அடிப்பதால் திருப்பம் நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. (நிலாத் தரையின் சொரசொரப்பான தூசியும் ஒரு காரணம்.) ஃப்ளாஷ் போட்டு எடுத்த கல்யாண போட்டோக்களில் முகங்கள் சப்பையாக இருப்பதும் இதனால்தான். வரைவதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எதிரொளியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் பலர் அதை ரப்பர் போட்டுப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். உடனே முட்டை கண்ணாடிக் கோலி ஆகிவிடும். எதிரொளி எவ்வளவு வெளுத்தாலும் அது நிழலுக்குள்தான் இருக்கிறது. வெள்ளைத்தாள் மேல் இருக்கும் இந்த முட்டையில், நிழலின் வெளுப்பான இடம் வெளிச்சப் பக்கத்தின் மங்கலான இடத்தைவிடக் கருப்பாகத்தான் இருக்கும்.

## தரையில் விழுந்த நிழல்

தமிழில் இரண்டுக்கும் நிழல் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முட்டையின் உடம்பில் இருப்பது உடல்நிழல். முட்டை மறைத்ததால் தாளில் விழுந்திருப்பது விழுநிழல். உடல்நிழல் முட்டையின் வடிவத்தைச் சொல்கிறது. விழுநிழல் முட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது, வெளிச்சம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. விழுநிழல் இல்லாத பொருள் மிதக்கும்.

எறும்பை முட்டையிலிருந்து இறக்கித் தாளில் விடுங்கள். முட்டையும் தாளும் தொடும் இடத்துக்கு அது நுழைந்தால் மேலேயும் முட்டை, கீழேயும் தாள். ஜன்னலும் இல்லை, திரும்பி வரும் வெளிச்சமும் இல்லை. அந்த மெல்லிய இடுக்குதான் படத்திலேயே கருப்பான இடம். அந்த ஒரு கோட்டை மட்டும் தைரியமாக அழுத்திப் போட்டால் முட்டை பொத்தென்று தரையில் உட்காரும். வெளியே வர வர, முட்டைக்குப் பின்னாலிருந்து ஜன்னல் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பார்க்கும். நிழலின் ஓரம் கரையும். அதனால் விழுநிழல் பொருளை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும், தள்ளிப்போகப் போக மசங்கலாகவும் இருக்கும். முழுக்க ஒரே கருப்பில் கத்தரித்து ஒட்டியது போல வரைவது பொதுவான பிழை.

வெயிலிலும் இதுதான். சூரியன் புள்ளி அல்ல. வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலமான வட்டம். அதனால் மறைக்கும் பொருள் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் நிழலின் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் மசங்கும். வெயிலில் உங்கள் செருப்பின் நிழல் கத்தியால் வெட்டியது போலவும், தலையின் நிழல் கொஞ்சம் பூசினாற்போலவும் இருப்பதற்கு இதுதான் காரணம். தெருவில் உயரமாகப் போகும் மெல்லிய கரண்ட் கம்பியின் நிழல் தரைக்கு வருவதற்குள் ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறது.

டியூப்லைட் வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம். நாலடி டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் ஒரு தாள். பென்சிலைத் தாளுக்குச் சற்று மேலே, டியூப் போகும் திசையிலேயே பிடியுங்கள். நிழல் ஓரளவு தெளிவாக விழும். பென்சிலைக் குறுக்காகத் திருப்புங்கள், நிழல் கலைந்துவிடும். தாளில் நிற்கும் எறும்பின் கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும். நேராகப் பிடித்தால் பென்சில் டியூப்பை நீளவாக்கில் மூடிவிடுகிறது. குறுக்காகப் பிடித்தால் டியூப்பின் ஒரு துண்டுதான் மறைகிறது. மிச்சமெல்லாம் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருக்கிறது.

இதுவரை வந்த சொற்கள் நான்குதான். திருப்பம், உடல்நிழல், எதிரொளி, விழுநிழல். எல்லாம் எறும்பின் ஒரே கேள்விக்கான பதில்கள்.

## மூளை செய்யும் திருத்தம்

சரி, இவ்வளவும் கண்ணெதிரே இருக்கும்போது ஏன் தெரிவதில்லை? கண்ணுக்குத் தெரிகிறது. மூளை அதைத் திருத்தி நமக்குக் கொடுக்கிறது.

கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார் ஒருவர், வெள்ளை வேட்டியில். வாசலில் உச்சி வெயிலில் ஒருவர் கருப்புக் குடை பிடித்து நிற்கிறார். எது அதிக வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது? குடைதான். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு); கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். கருப்புத் துணி தன்மேல் விழுவதில் சில சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது என்றாலும், அதுவே வேட்டி அனுப்புவதைவிடப் பல மடங்கு. ஆனாலும் வேட்டி வெள்ளையாகவும் குடை கருப்பாகவும்தான் தெரியும். துணி என்ன நிறம் என்பதுதான் வாழ்க்கைக்குத் தேவை என்பதால், மூளை வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பொருளை மட்டும் சொல்கிறது. கடைக்குப் போக இது நல்லது. படம் வரைய இது இடைஞ்சல்.

1995இல் எட்வர்ட் அடெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சதுரங்கப் பலகைப் படம் வெளியிட்டார். பலகைமேல் ஓர் உருளை நிற்கிறது. அதன் நிழல் கட்டங்களின் மேல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் ஒரு 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் ஒரு 'கருப்பு'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. முட்டை வெள்ளை என்று தெரிந்திருப்பதால் அதன் நிழல் பக்கத்தில் போதிய கருப்புப் போட நம் கை தயங்குவதும் இதே கோளாறுதான்.

மாற்று வழி இரண்டு. ஒன்று, கண்ணைப் பாதி மூடி இமைமயிர் வழியாகப் பார்ப்பது. விவரமெல்லாம் கலைந்து, வெளிச்சம், நிழல் என்று இரண்டு பெரிய திட்டுகளாக மிஞ்சும். மற்றொன்று, பழைய விசிட்டிங் கார்டில் சின்னதாக இரண்டு ஓட்டை போட்டு, ஒப்பிட வேண்டிய இரண்டு இடங்களை அந்த ஓட்டைகள் வழியாகப் பார்ப்பது. சுற்றுப்புறம் மறைந்ததும் மூளையால் திருத்த முடியாது. முட்டையின் நிழல் பக்கம் எத்தனை கருப்பு என்று முதல்முறை இப்படிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது.

## எவர்சில்வர் டம்ளருக்கு வேறு சட்டம்

வீட்டில் கைக்கு எட்டும் பொருள் என்று பலரும் முதலில் எடுப்பது எவர்சில்வர் டம்ளரை. தோற்று, 'எனக்கு வராது' என்று நோட்டை மூடுவதும் அதனால்தான். பிழை கையில் இல்லை.

முட்டை, மண்பானை, செங்கல் போன்றவை தம்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அந்த இடம் அதே வெளுப்பு. எவர்சில்வர் அப்படிச் சிதறடிக்காது. அது கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டும். டம்ளரில் தெரிவது டம்ளரின் நிழல் அல்ல. ஜன்னல், கதவு, மேசை, உங்கள் சட்டை எல்லாம் நெருக்கி இழுக்கப்பட்ட கோடுகள். தலையை அசைத்துப் பாருங்கள். முட்டையின் திருப்பம் முட்டையில் இருந்த இடத்திலேயே இருக்கும். டம்ளரின் கோடுகள் உங்களோடு நகரும். அதனால் டம்ளரில் மென்மையான ஷேடிங் போட்டால் அது களிமண்ணாகிவிடும். பளிச் வெள்ளைக்குப் பக்கத்திலேயே கன்னங்கரேல் கோடு, நடுவில் படிப்படி எதுவும் இல்லாமல் போட்டால்தான் உலோகம்.

கத்திரிக்காய் இரண்டுக்கும் நடுவில். உடம்பு சிதறடிக்கும், தோல் கொஞ்சம் பிரதிபலிக்கும். அதன்மேல் தெரியும் வெள்ளைப் புள்ளியை ஹைலைட் என்பார்கள். உற்றுப் பார்த்தால் அது ஜன்னலின் குட்டிப் படம். சில சமயம் கம்பிகள்கூடத் தெரியும். அதைக் காயின் நடுவில் ஒப்புக்கு ஒரு வட்டமாக விடுவது நம் பழைய பள்ளிக்கூடப் பழக்கம்.

இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964) வாழ்நாள் முழுக்கப் பாட்டில்களையும் ஜாடிகளையும் வரைந்தவர். அவர் சில பாட்டில்களுக்குப் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்துவிட்டுத்தான் வரைய உட்கார்ந்தார். பளபளப்பு போனால் வடிவம் மட்டும் மிஞ்சும். அவரே அப்படிச் செய்தார் என்றால் நாம் முதல் மாதம் டம்ளரை ஒதுக்கிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

## பென்சில் பற்றிக் கொஞ்சம்

பென்சில் கரி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795இல் பிரான்சின் நிக்கொலா-ஜாக் கோன்டே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கெட்டியான, வெளிர்க்கோடு போடும் எச் வகை. கிராஃபைட் கூடினால் மிருதுவான, கருத்த பி வகை. எச்பி, 2பி, 6பி மூன்றும் இருந்தால் தாராளம். எச்பி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்தினாலும் தாள் பள்ளமாகுமே தவிர, அந்த இடுக்குக் கருப்பு வராது. விரலால் தேய்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். தோலின் எண்ணெய் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்பது ஒருபுறம். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த திருப்பத்தை விரல் ஒரே இழுப்பில் அழித்துவிடும்.

## முதல் முட்டை

உட்காருங்கள். வெளிர்க்கோட்டில் முட்டையின் உருவம். உடனே, எதையும் கருக்கும் முன், திருப்பத்தையும் விழுநிழலின் எல்லையையும் மெல்லிய கோடாகக் குறித்துவிடுங்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. நேர் வெயில் விழும் ஜன்னல் என்றால் அரைமணியில் நிழல் இடம் மாறியிருக்கும். குறித்த எல்லையை நம்புங்கள், நகர்ந்த நிழலைத் துரத்த வேண்டாம்.

வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, வெளிச்சம் மாறாது என்று ஐரோப்பியக் கலைப் புத்தகங்கள் சொல்லும். அங்கே பெரும்பாலும் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் நமக்குத் தெற்கு ஜன்னல்தான் அமைதியானது.

இரண்டு நிழல்களையும் சேர்த்து ஒரே சாம்பலில் நிரப்புங்கள். இந்தக் கட்டத்திலேயே முட்டை பாதி எழுந்து நிற்கும். அப்புறம் 6பியால் தொடும் இடத்தின் கருப்பு. படத்தில் மிகக் கருப்பு அது. மிக வெள்ளை தாள். மற்ற எல்லா டோனும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதற்குப் பிறகு திருப்பத்தை ஒட்டிய பட்டையைக் கூட்டுங்கள், எதிரொளியைத் தொடாமல் விடுங்கள். கடைசியாக இடப்பக்க அவுட்லைனைப் பாருங்கள். முட்டையும் தாளும் அங்கே ஒரே வெளுப்பாக இருக்கும். அப்படியானால் அந்தக் கோட்டை ரப்பரால் எடுத்துவிடலாம். கோடு இல்லாமலே கண் அதைப் போட்டுக்கொள்ளும்.

முட்டையை வேகவைத்து எடுத்துக்கொள்வது நல்லது. பச்சை முட்டை மேசையில் உருண்டு விழுந்து எனக்கு இரண்டு படங்கள் பாதியில் நின்றிருக்கின்றன. வெந்ததென்றால் வரைந்து முடித்ததும் மிளகுத்தூள் போட்டுச் சாப்பிட்டுவிடலாம்.